வெர்னா தட்டிய கதவு

என் அக்கா வெர்னா டக்கெட் மெம்ஃபிஸில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்காகவே கோடை விடுமுறையிலும் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து வைத்திருந்தாள்.

சென்ற வசந்தத்தில் ட்ரெவான் என்றொரு இளைஞன் அவளுக்குப் போன் செய்தான். ஹோல்சேலர். அதாவது, வீட்டுக்காரரிடம் ஒரு விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்வான். பிறகு அந்த ஒப்பந்தத்தையே கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவான். நடுவில் நிற்பது அவன் லாபம்.

"எழுபதாயிரம் டாலர்தான் மேடம். சாயங்காலத்துக்குள்ள முன்பணம் போட்டுடுங்க. பத்துப் பேர் வரிசையில நிக்கிறாங்க."

"வீட்டைப் பாக்கணுமே."

"போட்டோ அனுப்பியிருக்கேனே."

"தம்பி, நான் தட்டிப் பாக்காம தர்பூசணிகூட வாங்கமாட்டேன்."

அன்று மாலையே என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவர் ப்ரூயிட் என்ற பெரியவர். மனைவி இறந்தபின் மகனோடு இருக்கப் போவதற்காக வீட்டை விற்கிறார். மறைக்காமல் எல்லாம் காட்டினார். தரை கல் மாதிரி உறுதி. பின்னறையில் மட்டும் கூரை ஒழுகியது. பிறகுதான் கேட்டார்:

"உனக்கு என்ன விலை சொன்னான்?"

அக்கா சற்றுத் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னாள். ப்ரூயிட்டுக்கு அவன் பேசியிருந்தது நாற்பத்தெட்டாயிரம்தான். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வெள்ளிக்கிழமையோட அவன் ஒப்பந்தம் முடியுதும்மா. அதுவரை சும்மா இரு. அப்புறம் நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

எனக்குச் சபலம் தட்டியது. "அக்கா, நல்ல யோசனைதானே?" என்றேன்.

"இந்த வீட்டை எனக்குக் காட்டினவன் அவன். முதுகுக்குப் பின்னாடி வாங்கின வீட்ல எனக்குத் தூக்கம் வராது. அதுக்காக அவன் சொன்ன விலையும் கொடுக்கமாட்டேன்."

மறுநாள் ட்ரெவானை அதே வீட்டுச் சமையலறைக்கு வரவழைத்தாள். ப்ரூயிட்டும் எங்களோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"இவரும் நீயும் நானும் முகத்துக்கு நேரா பேசிடுவோம்," என்றாள் அக்கா. "உன் உழைப்புக்குக் கூலி வேணும், சரி. இவருக்கும் நியாயம் வேணும். கூரை போடற செலவையும் கழிக்கணும். வில்லங்கம் இருக்கான்னு என் வக்கீல் பாத்தப்புறம்தான் பணம்."

"மேடம், பத்துப் பேர்—"

"அப்ப அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடு தம்பி. கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வரிசையில் யாரும் இல்லை என்பது எங்கள் மூவருக்குமே புரிந்தது. ப்ரூயிட் அவனுக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றி வைத்தார்.

காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. லாபத்தில் பாதிக்கு மேல் ட்ரெவான் விட்டுக்கொடுத்தான். அதில் ஒரு பங்கு ப்ரூயிட்டுக்கு, மிச்சம் கூரைச் செலவுக்காக அக்கா தரவேண்டிய விலையில் கழிவு. போகும்போது, "உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வித்தா நான் பட்டினிதான்," என்றான்.

"பட்டினி கிடக்கமாட்டே. அடுத்த வீடு கிடைச்சாலும் என்னைக் கூப்பிடு," என்றாள் அக்கா.

வக்கீல் வில்லங்கமில்லை என்றார். சாவி கைக்கு வந்தது. அக்கா அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒருவர் விடாமல் நிறுத்தி நான்தான் சொன்னேன்.

"வாயை மூடுடா," என்று என் முதுகில் அடித்தாள். அடி வலிக்கவே இல்லை.