துருக்கியில் பெண் பார்த்தோம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் என்ன படிப்பது என்பதை எங்கள் நைனா ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். மெக்கானிக்கல் என்றால் கை முழுக்க கிரீஸ், சிவில் என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில், எலக்ட்ரிக்கல் என்றால் ஷாக் அடிக்கும். “கம்ப்யூட்டர்னா ஏசி ரூமு. குந்திகினே வேல” என்றார். என் எதிர்காலம் அத்தோடு முடிந்தது. கல்லூரிக்குப் போய்ப் பார்த்தால் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். காசிமேட்டிலிருந்து மணலி வரைக்கும் எல்லா நைனாக்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அந்த லேபில் நான்கு வருடமும் ஏசி ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில், தலையைத் திருப்ப மறுக்கும் ஒரு டேபிள் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்துதான் பெரும்பாலும் வேலை. ஆனாலும் யாராவது விசாரித்தால் வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: “ஏசி ரூமுல கீறா.” அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. எனக்கும் சொல்லப் பொறுமை கிடையாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது தெருவுக்கே தெரியும்.

என் டீம் லீடு ஒரு துருக்கிக்காரர். இஸ்தான்புல்லில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனதுக்குள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருநாள் மீட்டிங் முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொல்லி, “ஒரு வருடம் இங்கே வந்து என்னோடு வேலை செய்கிறாயா? அடுத்த புதன்கிழமைக்குள் சொல்” என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன். நைனா வழக்கம்போல, “ஒங்கம்மாவ கேளு” என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

அம்மா விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, மதியம் வரைக்கும் எங்கள் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் நம்பமாட்டார். மனிதர்களையும் அப்படித்தான். “யாரு என்னான்னு தெரியாம பொண்ண அனுப்ப முடியாது. அந்தப் பொம்பளய நான் பாக்கணும்” என்றார்.

வீடியோவில் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். அம்மா காலண்டரைக் கிழித்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு ஆரம்பித்து நாலரை ராகு காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார். அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அது என்ன நாலரைக் கணக்கு என்று கேட்டார். அதற்குப் பிறகு வானத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று எழுதினேன். நல்லவேளை, அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். புளியந்தோப்பிலிருந்து அத்தை, அதாவது நைனாவின் அக்கா, வந்து இறங்கியிருந்தார். நைனா வெள்ளைச் சட்டை. ஸ்டூல்மேல் என் லேப்டாப். அதற்கு முன்னால் ஒரு தாம்பாளம், அதில் பூ, பழம், வெற்றிலை பாக்கு.

“யம்மா, இன்னா இது?”

“வெறுங்கையோடயா ஒரு பொண்ண போய்ப் பாக்குறது?” என்றார் அம்மா.

கத்துவதற்குள் மணி மூன்றரை ஆகிவிட்டது. திரையில் அக்கா வந்தார். எதிரே நான்கு தலைகள், கீழே ஒரு சீப்பு வாழைப்பழம். “ஏதாவது சடங்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் வீட்டு செக்யூரிட்டி செக் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கேள்விகளை நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

அத்தை ஆரம்பித்தார். “கொஞ்சம் திரும்பச் சொல்லு, முடி எம்மாம் நீட்டு கீதுன்னு பாக்கலாம்.” அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அத்தை விரலைச் சுற்றிக் காட்டியதைப் பார்த்து அக்கா தானாகவே திரும்பிக் காட்டினார். தோள் வரைக்கும்தான் இருந்தது. அத்தை உதட்டைப் பிதுக்கினார்.

அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்த கேள்வி. கருங்கடல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை என்றார் அக்கா. அந்த அப்பாவைப் பற்றி ஒன்று கேட்கச் சொன்னார் நைனா: எதற்காகப் பெண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்? நான் கேட்டதும் அக்கா சிரித்துவிட்டார். “தொழிற்சாலையில் சூடும் சத்தமும் தாங்காது. கம்ப்யூட்டர் என்றால் கட்டடத்துக்குள் நாற்காலி போட்டு உட்காரலாம் என்றார் அப்பா. எங்கள் ஊர் அப்பாக்கள் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். வகுப்பில் நாங்கள் ஏராளமான பெண்கள். இப்போது பதவி மேலே போகப் போக மீட்டிங்கில் பார்த்தால் பல நாள் பெண் என்று நான் ஒருத்திதான்.”

இதை நான் சொல்லச் சொல்ல நைனாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “பாத்தியா? அந்தூரு ஆளும் என்ன மாரியே யோசிச்சிகிறான்.” அக்கா சொன்ன கடைசி வரி அவர் காதில் ஏறவே இல்லை. எனக்கு ஏறியது. என்னோடு படித்த பெண்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்தோடு வேலையை விட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் விட்டவர்கள்.

அடுத்தது அம்மாவின் முறை. அவர் கேட்டார், “மீன் ஆயத் தெரியுமா?”

கேட்டேன். நெத்திலி என்றால் தங்கள் ஊரிலும் உயிர் என்றார் அக்கா. சோளமாவில் புரட்டி வறுப்பார்களாம். எப்படிச் சுத்தம் செய்வது என்று காட்ட, இரண்டு விரலால் தலையைக் கிள்ளிக் குடலோடு சேர்த்து இழுத்தார். கையில் மீன் இல்லை, சும்மா காற்றில்தான். அம்மாவின் விரல்களும் மடியில் அதையே செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆகா, இஸ்தான்புல் போய்விட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அத்தை, “வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?” என்றார்.

அக்கா மறைக்கவே இல்லை. விவாகரத்து ஆகி நான்கு வருடம் ஆயிற்று என்றார். நான் கண்ணிமைக்காமல், “வேலை விஷயமா ரெண்டு பேரும் தனித்தனியா இருக்காங்களாம்” என்று சொன்னேன்.

“சொம்மா டபாய்க்காதமே” என்றார் அத்தை. “டைவர்ஸுன்னா எனக்குத் தெரியாதா? சீரியல்ல தெனம் வருது!”

அம்மா திரையையே பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, “சரிம்மா. வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோம்” என்றார். வீட்டில் உட்கார்ந்துகொண்டே! பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் சொல்லிக்கொண்டு கிளம்பும் வார்த்தை அது. இதை எந்தக் கொம்பன் மொழிபெயர்ப்பான்? யோசித்துச் சொல்வார்கள் என்றேன். அக்கா தாம்பாளத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். “புருஷன வுட்டவளாண்ட போயி இன்னாத்த கத்துக்கப் போறா?” என்று வாசலில் போகிறவர்களிடமெல்லாம் ஓட்டு வாங்கினார். நான் கோபத்தில் சாப்பாட்டை ஒதுக்கினேன். அம்மா நெத்திலி வறுத்தார். அரை மணி நேரத்தில் என் போராட்டம் முடிந்துவிட்டது. வெட்கக்கேடு. ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது. வேண்டாம் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை மீறிப் போகிற தைரியம் எனக்கு இல்லை. போகாமல் இருந்துவிட்டால் ஆயுசுக்கும் அவரை மன்னிக்கமாட்டேன் என்பதும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா போன் செய்து மார்க்கெட்டுக்கு வரச் சொன்னார். சங்கரா மீனுக்கும் காணாங்கத்தைக்கும் நடுவில் என்னை ஒரு கவிழ்த்த பிளாஸ்டிக் தொட்டியின்மேல் உட்கார வைத்தார். ஐஸ் தண்ணீர் என் செருப்புக்கு அடியில் ஓடியது.

“அவ இன்னா வேல செய்றா?”

“யாரு?”

“அந்தத் துருக்கிப் பொண்ணுதான். அவ இன்னா வேல செய்றா? நீ இன்னா வேல செய்ற? எனக்குப் புரியிற மாரி சொல்லு.”

எனக்கு வந்ததே கோபம். “அஞ்சு வருஷம் கழிச்சி இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?”

“தோணல. இப்பத் தோணுது. சொல்லு.”

சொன்னேன். கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்கும். துறைமுக யார்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எந்தப் பெட்டி எந்த லாரியில் எப்போது வெளியே போகும் என்று பார்த்து, எதன்மேல் எதை வைப்பது என்று கிரேன்காரருக்குச் சொல்லும் புரோகிராம் எங்களுடையது.

அம்மா மீன் அடுக்கிய தன் அன்னக்கூடையைக் காட்டினார். “மொதல்ல விக்கிறது மேல, மெதுவா விக்கிறது கீழ. இதுக்கா நாலு வருஷம் படிச்ச?” சிறிது யோசித்துவிட்டு, “சரி, அடியில கீறதுதான் மொதல்ல வேணும்னு ஒருத்தன் வந்து நின்னா?” என்றார்.

இரண்டு மாதம் நான் மண்டையை உடைத்துக்கொண்டது சரியாக அந்த ஒரு கேள்வியோடுதான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது நான். மீட்டிங்கில் வேறொருவர் அதைத் தன்னுடையதாகப் பேச ஆரம்பித்தபோது, “இதைச் செய்தது அவள். அவள் சொல்லட்டும்” என்று நிறுத்தியவர் அக்கா. அதையும் சொன்னேன்.

அம்மா கத்தியைத் துணியில் துடைத்தபடி இருந்தார். “நான் பன்னெண்டாவதுல கணக்குல பள்ளிக்கூடத்துக்கே மொத மார்க்கு, தெரியுமா? என்னப் பாக்க வந்தவங்க நடக்கச் சொன்னாங்க, பாடச் சொன்னாங்க, மீன் ஆயச் சொன்னாங்க. இன்னா படிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல. ஞாயித்துக்கெழம நாங்களும் அவள அதக் கேக்கல. புருஷன் சங்கதி அவ சங்கதி. அவளுக்குச் சரின்னு சொல்லி அனுப்பு.”

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மீன் சந்தையில் அழுதால் விலை குறைக்கச் சொல்லி அழுவதாக நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அப்போது வாடிக்கைக்காரம்மா ஒருவர் சங்கராவைப் புரட்டிக்கொண்டே, “இது உன் பொண்ணுதான? கம்ப்யூட்டர் வேல, ஏசி ரூமுலதான கீது?” என்றார்.

“ஏசி ரூமெல்லாம் இல்ல” என்றார் அம்மா, மார்க்கெட்டுக்கே கேட்கும்படி. “ஹார்பர்ல பொட்டி அடுக்குறா.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அய்யோ, படிச்ச பொண்ணாச்சே” என்று இரக்கப்பட்டு, பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார். நான் திருத்தவில்லை.