நாற்பத்தொரு வீடுகளும் ஒரு பாஸ்வேர்டும்

சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பிய்த்தெடுத்து வந்த மங்களம், அதைச் சில்வியாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்க வூட்ல ஆளே இல்லன்னு எழுதிக்கிறியே, அப்ப அன்னிக்கி உனுக்கு டீ போட்டுக் குடுத்தது இன்னா, பிசாசா?"

சில்வியா வாங்கிப் பார்த்தாள். ஸ்கெலட்டன் என்கிற அவர்கள் குடியிருப்பில் நாற்பத்தொரு வீடுகளுக்கு நேரே 'காலி' என்று இருந்தது. அடியில், பதிவு செய்தவர்: சில்வியா.

தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் குவார்ட்டர்ஸை விட்டுப் போகாத குடும்பங்களில் யாருக்குப் பட்டா என்பதை இந்த வீட்டுக் கணக்கெடுப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். காலி என்றால் பட்டா இல்லை. ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்காக ஐந்து மாதம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவள் சில்வியா. அந்த நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போகிறவர்கள். பூட்டியிருந்த வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய், ஆள்களைப் பார்த்து, 'பகலில் பூட்டு, குடியிருக்கிறார்கள்' என்று அவளே எழுதியிருந்தாள்.

நேரே பங்காருபேட்டை ஆபீசுக்குப் போனாள். எரிச்சலில் பாதி தன்மீதே இருந்தது.

அங்கே மூன்று பேர், இரண்டு ஷிப்ட், ஒரே லாகின். முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அவள் பேரில் திறந்தது. வரைபடத் தரவு முழுவதும் அதில்தான் உருவானது. கணினியைப் பொறுத்தவரை அதன் உரிமையாளர் அவள்தான். மற்றவர்களுக்குத் தனி லாகின் வந்தும் யாரும் தொடவில்லை. மூவருமே சுரங்கக்காரர்களின் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்தால் டிரில் மெஷின் கீழேயே கிடக்கும், ஆள்தான் மாறுவான் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அதே பழக்கத்தில் அவள் திரையை மூடாமல் எழுந்து போவாள், அடுத்த ஷிப்ட் பிரதாப் வந்து உட்காருவான்.

பிரதாப் மறைக்கவில்லை. பூட்டிய வீட்டையெல்லாம் காலி என்று மாற்றச் சொன்னது சூப்பர்வைசர் ரவிகுமார்தானாம். மேலிடத்துப் படிவத்தில் இரண்டே கட்டம், குடியிருப்பு, காலி. பூட்டுக்குக் கட்டம் இல்லை.

"உன் லாகின் தொறந்தே இருந்துச்சி, அப்படியே பண்ட்டேன் சில்வி," என்றான்.

ரவிகுமாரோ தலையை நிமிர்த்தவே இல்லை. திங்கட்கிழமை இறுதிப் பட்டியல் போயாக வேண்டும், பிறகு யாராவது மனு கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டேட்டா கம்பெனியுடையது, இவளுக்கு இதில் என்ன என்று கேட்டார்.

"டேட்டா கம்பெனியோடது சார். கீழ போட்டுக்கிற பேரு என்னுது."

டிரில் மெஷின் யார் கையிலும் இருக்கலாம். டோக்கன் அப்படி இல்லை. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் இறங்குகிறவன் தன் நம்பர் டோக்கனோடுதான் இறங்க வேண்டும். அடுத்தவன் டோக்கனில் இறங்கினால், கீழே செத்தது யாரென்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. லாகினை மெஷின் என்று நினைத்துக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தபடி கணினி முன் உட்கார்ந்தாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு மற்ற எல்லா லாகின்களிலும் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டுப் பார்க்கும் உரிமையை மட்டும் விட்டாள். பழைய பதிவுகளைத் திறந்து நாற்பத்தொரு வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, 'குடியிருப்பு' என்ற கட்டத்திலேயே வைத்தாள்.

சாயங்காலம் ரவிகுமார் கத்தினார். கம்பெனியின் பெங்களூரு அட்மினுக்குப் போன் போட்டார். உரிமையாளரின் பாஸ்வேர்டை மாற்றித் தருவதாகவும், எதை ஏன் திருத்த வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்றும் அங்கே சொன்னார்கள்.

சில்வியா ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினாள்.

"எழுதுங்க சார். நாப்பத்தொரு வூடு, எதுனால காலின்னு. கீழ உங்க பேரு."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். தாளையே பார்த்தார். திரும்ப மூடிப் பையில் செருகிக்கொண்டார். திங்கட்கிழமை போனது அவள் பட்டியல்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வரவேண்டாம் என்று மட்டும் வாயாலேயே சொன்னார்; அதற்கும் கடிதம் இல்லை.

புதுப் பட்டியல் ஒட்டிய அன்று மங்களம் விரல் வைத்துத் தன் வீட்டைத் தேடிப் படித்தாள். அடியில் இருந்த பேரையும் படித்தாள்.

"இப்பவும் உன் பேருதான் போட்டுக்கீது," என்றாள்.

"ஆமாக்கா. இந்தவாட்டி நான்தான் போட்டேன்."