மறு ஞாயிறு வரை

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். "பக்கத்து ஊட்டுல இருந்து பேசுறேனுங்க, மல்லிகாவோட தம்பி. அக்கா போயிட்டாளுங்க." ஞாயிற்றுக்கிழமை அவசர வேலைக்கு வந்துவிட்டுப் போனவர். அன்று மாலை காய்ச்சல், மறுநாள் நினைவு தப்பிவிட்டது. போத்தனூரில் அவர் வீட்டில் கடைசிவரை தொலைபேசி கிடையாது.

அலுவலக நண்பர்களே, நம் சிறிய கணினி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் என் பக்கத்து மேசை அவருடையது. சென்ற ஆண்டு ஒரு நர்சிங் பள்ளிக்காக இணையத்தில் விண்ணப்பப் படிவம் செய்தோம். நான் எழுதிய முதல் படிவத்தில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் மூன்று பக்கமும் அழிந்துபோகும். மல்லிகா சோதனைக்கு உட்கார்ந்தால் தொலைபேசி எண்ணை நிரப்ப மாட்டார். "ஏனுங்க, போனு இல்லாதவங்க படிக்கக்கூடாதுங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதுவரை எழுதியதை நம் சர்வர் கணினியில் வைத்துக்கொண்டு, ஓர் எண்ணைக் கொடுத்து, திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யலாம் என்று முடிவானது. எவ்வளவு நேரம் வைப்பது? இருபது நிமிடம் என்றேன். சிரித்துவிட்டார்.

"வால்பாறை எஸ்டேட் புள்ளைக்கு லீவே ஞாயித்துக்கெழமதானுங்க. பஸ்ஸு புடிச்சு பிரவுசிங் சென்டருக்கு வந்து, மார்க் ஷீட்ட ஊட்டுலயே உட்டுட்டு வந்திருந்தா? மறு ஞாயிறு வரைக்கும் வெச்சிருங்க. அதுக்கு மேல ஒரு நாளும் வேண்டாமுங்க, அழிச்சுப்போடோணும்."

வைப்பதற்கான நிரலை எழுதினேன். அழிப்பதைச் சோம்பலில் தள்ளிப்போட்டேன். பாதியில் நிற்பவர்களின் பட்டியலைப் பள்ளியில் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பள்ளியிலிருந்து அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கடிதம் போட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதிப் பார்த்து, மனம் மாறிப் பாதியில் விட்டிருந்தாள். கடிதம் அப்பா கையில் கிடைத்தது. அதன்பின் அவளை டைப்ரைட்டிங் வகுப்புக்குக்கூட அனுப்பவில்லை. அவளுடைய அத்தை நம் அலுவலகத்துக்கு வந்து அழுததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மல்லிகா திட்டவில்லை. "அந்தப் புள்ள எழுதுனதோட சரி, இன்னும் குடுக்கலையேங்க. நீங்க எப்படிங்க குடுத்தீங்க?" என்றார். மறு ஞாயிறு முடிந்ததும் தானாகவே அழிக்கும் நிரலையும் அன்றே எழுதினேன்.

நேற்று சர்வரில் அவர் பெயரைப் பார்த்தேன். போன ஞாயிறு, வேலைக்கு வந்த கடைசி நாளிலும் ஒரு சோதனைப் படிவம் நிரப்பிப் பாதியில் விட்டிருக்கிறார். 'சேர விரும்பும் காரணம்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏதாவது குறும்பாக எழுதிவிட்டுத் தானே சிரிப்பார். இம்முறை என்ன எழுதினாரோ. திறக்க ஒரு நொடி போதும். நிரலில் நாள் கணக்கை மாற்றினால் அழியாமலும் வைத்திருக்கலாம். இரண்டையும் செய்ய ஆசைப்பட்டேன், அழுதும்விட்டேன்.

இன்று மறு ஞாயிறு. அவர் இன்னும் கொடுக்காத அந்தப் படிவத்தை நான் திறக்கவில்லை. 'அதுக்கு மேல ஒரு நாளும் வேண்டாமுங்க' என்ற அவர் சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை அது அங்கே இருக்காது.