முன்னறைக் கட்டில்

முதலில் தலைவாரிக்கொள்ள முடியாமல் போனது. சீப்பைக் கையில் எடுப்பேன், அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் எனக்குச் சடை பின்னிவிடுவாள். கணக்கு டீச்சர் என்பதால் வகிடு அளவெடுத்தாற்போல் இருக்கும்.

பிறகு பசி போனது, பேச்சு போனது. விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும்; இன்னொரு நாளா என்று பயமாக இருக்கும். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் உடனே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

"நைட்டு தூங்குறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியல டாக்டர். நான் வேற ரூம்ல படுக்குறேன்," என்றாள் ஸ்டெல்லா.

பழக்கதோஷம். பசுமலைக்குக் குடிவந்த நாளிலிருந்து ஊருக்குச் சொல்லிவந்த பொய் அது. அதற்காகவே முன்னறையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தோம். ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் தலையணையைக் குத்திக் குழியாக்கி, போர்வையைக் கசக்கிப் போடுவாள் ஸ்டெல்லா. அலங்காநல்லூரிலிருந்து என் அம்மா வந்தாலும் அதே நாடகம்தான். அம்மா சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிடுவாள்.

பல நாளாகச் சிரிக்காத எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு ஒரே கட்டில்தான் டாக்டர். நான் முழிச்சா இவளும் முழிச்சுக்கிருவா."

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நல்லதாப் போச்சு. அப்ப மாத்திரை உங்க பொறுப்பு. நீங்க சேர்ந்து வாழுறது நோயில்ல. அத மறைச்சு மறைச்சே இவங்க ஓஞ்சு போயிருக்காங்க."

எனக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய் (சாதாரணக் கவலை அல்ல, தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் முடக்கிப்போடுவது). மாத்திரையோடு உளவள ஆலோசனையும் (பயிற்சி பெற்றவரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சை) நடந்தது. மருந்து வேலை செய்யச் சில வாரமாகும் என்றார்கள். மாத்திரையால் முதலில் என் வாய்தான் உலர்ந்தது.

எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அம்மா துணிப்பையோடு வந்துவிட்டாள், தங்குவதற்கு. எங்களைப் பற்றித் தெரிந்தால் ஊருக்கு இழுத்துப்போய் மாப்பிள்ளை பார்ப்பாள், ஸ்டெல்லாவை இழந்துவிடுவேன் என்பதுதான் என் பெரிய பயமாக இருந்தது.

அம்மா முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்தாள். சரசரவென்று சத்தம். விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நாங்கள் பிரிக்கவே இல்லை. தலையணையைக் குத்தத் தெரிந்த கணக்கு டீச்சருக்கு அது தோன்றவில்லை.

"டீச்சர், இதுல யாரு படுக்குறா?"

"யாரும் படுக்கிறதில்லம்மா," என்றேன் நான்.

அம்மா என் சடையைப் பார்த்தாள். "இத யாரு பின்னுனது?"

"நாந்தாம்மா," என்றாள் ஸ்டெல்லா.

அம்மா எழுந்து உறையைப் பரபரவென்று கிழித்தாள். "நான் இதுல படுத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள போயிப் படுங்க."

அம்மா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன். உறவுக்காரர்கள் கேட்டால் "கூட இருக்குற டீச்சர்" என்றுதான் இன்னமும் சொல்கிறாள். ஆனால் மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பதில்லை.

மாத்திரை தொடர்கிறது. சில காலைகளில் உடம்பு கனக்கத்தான் செய்கிறது. விடியுமுன் விழித்துவிட்டால் ஸ்டெல்லாவின் மூச்சைக் கேட்டபடி கிடக்கிறேன், விடியட்டும் என்றிருக்கிறது. தலையை நானே வாரிக்கொள்ள இப்போது முடிகிறது. ஆனாலும் அவள் புடவை கட்டி முடிக்கிற நேரத்துக்குச் சீப்போடு போய் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.