சீனத்துக் காசும் எங்கள் வீட்டுத் தலைச்சனும்

கடப்பாரை மண்ணில் இறங்கினால் ஒரு சத்தம், கல்லில் பட்டால் ஒரு சத்தம். அன்றைக்குக் கேட்டது இரண்டும் இல்லை. பானை உடைகிற சத்தம்... கூடவே ரொம்ப காலம் மூடிக்கிடந்த மண்ணின் புழுங்கல் வாடை.

அறுபதுகளின் கடைசி. பரளச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. மழை இல்லாமல் பருத்தி கருகிக்கொண்டிருந்ததால் அய்யா புதுக்கிணறு வெட்ட ஆள் விட்டிருந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். நான் அருப்புக்கோட்டையில் சரித்திர வாத்தியார். லீவுக்கு மனைவி பாக்கியத்தோடும் கைப்பிள்ளையோடும் ஊருக்கு வந்திருந்தேன்.

ஆள் ஆழம் வெட்டியிருப்பார்கள், அதற்குள் பானை. உள்ளே பச்சை பிடித்த செப்புக்காசுகள், நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் புரியாத எழுத்து. சில வெள்ளிக்காசுகளில் கொடி போல் வளைந்த வேறொரு எழுத்து.

ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் துடைத்துப் பார்த்தேன். செம்பு சீனக்காசு, வெள்ளி அரபிக்காசு! பாண்டியர் காலத்தில் அரபு தேசத்துக் குதிரைகள் நம் கிழக்குக் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்கும். அங்கிருந்து மதுரைக்கு நடத்திக்கொண்டு போவார்கள். அதே கடற்கரையில் சீனக்கப்பலும் வந்து நிற்கும். ராஜா கும்பிடும் சாமி வேறு, வியாபாரி தொழும் சாமி வேறு, காசு இன்னொரு தேசத்தது. கிளாஸில் மேப்பில் குச்சி வைத்துக் காட்டிய உலகம் முழுக்க எங்கள் பருத்திக்காட்டில் கிடந்தது.

ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது காசாகவே தெரியவில்லை. உடுக்கடித்துக் குறிசொல்லும் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் கையால் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது காசு இல்லப்பா, மந்திரத் தகடு. ஓட்டையில கயிறு கோத்துக் காவலுக்குப் போட்டிருக்காக. எழுத்தப் பாத்தாலே தெரியலையா? பூதம் முழிச்சிருச்சு. சும்மா போகாது, வீட்டுத் தலைச்சனக் கேக்கும்."

தலைச்சன் என்றால் முதல் பிள்ளை. எனக்கு மூத்தவள் அக்கா, அவள் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் பாக்கியத்தின் இடுப்பில் இருந்த என் முதல் பிள்ளைதான். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"சீனாக்காரன் காசுங்க இது, வியாபாரத்துல வந்தது" என்று விளக்கினேன்.

"சீனாக்காரன் நம்ம காட்டுக்கு எதுக்கு வாத்தியாரே வாரான்?" என்றார் ஒருவர். சீனாவோடு சண்டை நடந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. என் விளக்கத்தில் பயம் கூடியதுதான் மிச்சம்.

பலி கொடுக்காமல் குழிக்குள் இறங்க மாட்டோம் என்று வெட்டு ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அய்யா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறார்கள், புதையலுக்குப் பிள்ளையை அறுத்தார்கள் என்றெல்லாம் பேச்சு உலவிய காலம் அது.

"மாமா மொகமே சரியில்லங்க. காலையில மொத பஸ்ஸுக்குப் பாளையம்பட்டிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம்" என்றாள் பாக்கியம்.

"எங்க அய்யாவப் போயி அப்பிடி நெனைக்கியே?" என்று அதட்டினேன். ஆனால் பொழுது சாயும்முன்பே அறைக்கதவைத் தாழ் போட்டது நான்தான். பெற்ற தகப்பனுக்குப் பயந்து...

விடிந்ததும் பையோடு வெளியே வந்தோம். முற்றத்தில் அய்யா நின்றார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்கு வாங்க."

பாக்கியம் இறுக்கிப் பிடித்ததில் பிள்ளை வீறிட்டது. "தர மாட்டேன் மாமா!" அதுவரை அவள் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

"தர வேணாம் தாயி. நீயே வச்சுக்க. நாலு பேரு பாக்கணும், வா."

நடந்தோம். குழியைச் சுற்றி ஊரே நின்றது. அய்யா பேரன் தலையில் கை வைத்தார். பிறகு குழியைப் பார்த்து, யாரிடமோ வழக்குப் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார்.

"தலைச்சனத்தான கேக்குற? எங்க அப்பனுக்கு நாந்தான் தலைச்சன். இந்த வீட்டுக்கு மூத்த தலைச்சன் நானு. இந்தா வாரேன். என் பேரனுக்கும் ஒனக்கும் ஒரு பேச்சும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க."

இறங்கி உட்கார்ந்துவிட்டார். கோடாங்கியே பின்வாங்கினார்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. குழிக்குள் சத்தமே இல்லை. எட்டிப்பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! இந்தப் பானையைப் புதைத்தவனும் பயந்துதான் புதைத்திருப்பான் என்று தோன்றியது. மதுரை மேல் வடக்கிலிருந்து படை வந்த காலமோ, வழிப்பறிக்காரர்களோ... திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பான், பாவம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது உள்ளிருந்து குரல் கேட்டது.

"ஏலே, அந்தக் கடப்பாரைய எடுத்துப் போடுங்க. எம்புட்டு நேரந்தான் சும்மா உக்காந்திருக்க?"

பாக்கியம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பானையைக் கிராம முன்சீப்பிடம் ஒப்படைத்தோம், அவர் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையடித்தேன். "பூதமெல்லாம் பொய்யின்னு அய்யா ஊருக்கே பாடம் எடுத்துட்டாக."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பாடமா? விடியக்காலையில குளிச்சு, துன்னூறு பூசி, பெட்டிச்சாவிய எங்கையில குடுத்துட்டுல்லடா போனாக. 'பேரனப் பாத்துக்க'ன்னு சொல்லிட்டுல்ல போனாக."

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். மதுரைக்குப் போவதுபோல் நூல் வியாபாரத்துக்காகச் சீனாவுக்குப் போய்வருகிறான். பேரப்பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள், செம காமெடி தாத்தா என்கிறார்கள்.

அய்யாவுக்கு அன்றைக்கு இருந்த வயதைத் தாண்டி எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது. இன்றைக்கு எவனாவது வந்து என் வீட்டுத் தலைச்சனைக் கேட்டால் நானும் சிரித்துக்கொண்டே குழிக்குள் இறங்கிவிடுவேன். எனக்கென்ன, பூதம் இல்லை என்று தெரியும்.

அய்யாவுக்கு அது இருக்கிறது என்று தெரியும். தெரிந்துதான் இறங்கினார்.