மாத்திரை உள்ளே போனதா?

ஆண்கள் வார்டில் அவளுக்கு ‘ஏன் சிஸ்டர்’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷ நர்ஸ் வேலையில், யார் என்ன சொன்னாலும் “ஏன்?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததில்லை. அந்த வாயால் இரண்டு தடவை பதவி உயர்வு கைநழுவிப் போனது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். இதயம் தளர்ந்து, இரண்டு காலும் வீங்கி வந்தவர். உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற தினம் இரண்டு வேளை மாத்திரை. ஐந்து நாளாகியும் வீக்கம் வடியவில்லை.

“மாத்திரைக்கு மசியல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்,” என்றார் டாக்டர். அந்த மருந்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர். டிரைவரின் முகம் செத்துப்போனது. அவருடைய மனைவி அங்கே போய்த் திரும்பி வராதவள்.

மறுநாள் காலை படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணை உறைக்குள் நான்கு மாத்திரைகள் கிடந்தன.

“ஏன் ஐயா?”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ராத்திரி எட்டு மணிக்குக் குடுக்குறீங்க. முழுங்கினா விடிய விடிய ஓட்டம்தான். பாத்ரூம் அந்தக் கோடியில இருக்கு. முதல் நாளே பாதி வழியில துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. முப்பது வருஷம் பஸ்ஸை சரியான இடத்துல நிறுத்தினவன்மா நான்.”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டர் எழுதியது ‘இரண்டு வேளை’ என்று மட்டும்தான். மருந்து வண்டி எட்டு மணிக்கு வருவதால் எல்லாருக்கும் எட்டு மணி என்று வைத்தது அவளேதான். ஊரையெல்லாம் ஏன் என்று கேட்டவள், தன் வண்டியைக் கேட்கவில்லை.

அதே மாத்திரை சாப்பிடும் மற்ற எட்டுப் பேரிடமும் பக்குவமாகப் பேச்சுக் கொடுத்தாள். ஐந்து பேர் இரவு மாத்திரையை விழுங்குவதே இல்லை. ஒருவர் பூந்தொட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். செடி பிழைத்திருந்தது ஆச்சரியம்.

“அஞ்சாறு பேர் சொல்றதெல்லாம் ஒரு ஆதாரமா சிஸ்டர்?” டாக்டர் சிடுசிடுத்தார்.

“மருந்து வேலை செய்யும்னு உங்க ஆராய்ச்சி சொல்லுது. அது சரிதான் டாக்டர். ஏன் முழுங்கலைன்னு இவங்கதானே சொல்லணும்? அதுவும் ஆதாரம்தான். தப்பு எங்களோடது, எட்டு மணி நான் வெச்சது. ரெண்டாவது மாத்திரையை மதியம் ரெண்டு மணிக்குக் குடுத்துப் பார்ப்போம். கட்டிலை பாத்ரூம் பக்கத்துல போடறேன்.”

டாக்டர் மருந்துச் சீட்டில் ‘மதியம் 2 மணி’ என்று எழுதினார். “மூணு நாள். அதுக்கு மேல அனுப்பிடுவேன்.”

தினமும் காலையில் டிரைவரைக் கைத்தாங்கலாக எடை மெஷினில் ஏற்றினாள். முதல் நாள் அரைக் கிலோ குறைந்தது. அடுத்த நாள் ஒரு கிலோ. மூன்றாம் நாள் முள்ளைப் பார்க்கவே பயந்தாள். மொத்தம் மூன்று கிலோ குறைந்திருந்தது. வார்டு நடுவில் நின்றுகொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

டாக்டர் டிரைவரின் காலை அழுத்திப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்த கடிதத்தைக் கிழித்தார். அடுத்த கட்டிலுக்குப் போனவர், மருந்துச் சீட்டை எடுக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க? கூச்சப்படாம சொல்லுங்க.”

அந்த நோயாளி திகைத்துப்போய், சொல்லலாமா என்பதுபோல் ஏன் சிஸ்டரைப் பார்த்தார்.

“சொல்லுங்க ஐயா,” என்றாள் அவள். “அவர் கேட்டுக்குவார்.”