ஒற்றைப்படையாரின் பத்து மணி

டீ இயந்திரத்தின் குழாய்க்கடியில் டம்ளரைப் பிடித்தபடி, ஒற்றைப்படையார் தனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்பதை ஒரு முறை திரும்பிப் பார்த்து ரசிக்கிறார். முன்னாலும் யாரும் இல்லை. இடைவேளை பதினொரு மணிக்கு. தேர்வு வாரியத்தின் மொத்த மாடியும் அப்போதே இறங்கி வந்து, வரிசை கட்டி, பாலைத் தீர்த்து, அதற்காகச் சண்டையும் போட்டுவிட்டுப் போயாகிவிட்டது. இவர் வருவது பதினொன்று பத்தொன்பதுக்கு.

"பாருங்க, நமக்குன்னே காத்துக்கிட்டு இருக்கு. எல்லாரும் பதினொண்ணுக்கே வந்து விழுந்தா அது என்னங்க பண்ணும், பாவம்!"

இயந்திரங்களுக்காகப் பாவப்படுவதுதான் அவருக்குத் தொழில். வாரியத்தின் சர்வரில் இன்ன வேலை இன்ன நேரத்தில் தானாக நடக்க வேண்டும் என்று எழுதிவைப்பவர் அவர். ஒரு வேலைக்கு ஒரு வரி. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை, அப்புறம் செய்ய வேண்டிய காரியம். எழுதிவிட்டால் யாரும் சொல்லாமலே, யாரும் எழுப்பாமலே அது நடந்துகொண்டிருக்கும். இந்த வரிகளில் முழு மணி என்பதே கிடையாது. ஏழாவது நிமிடம், பத்தொன்பதாவது நிமிடம், ஐம்பத்து மூன்றாவது நிமிடம் என்றுதான் இருக்கும். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் முழு மணிக்கே எல்லாவற்றையும் வைக்கிறார்கள், ஆகவே உலகம் முழு மணிக்குத்தான் மூச்சுத் திணறுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அலுவலகத்தில் அவருக்கு ஒற்றைப்படையார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் உள்ள 'ஆர்' மரியாதைக்கா கிண்டலுக்கா என்று வைத்தவர்களுக்கே தெரியாது.

"தானா நடக்கும்ங்க, நாம தொடவே வேணாம்" என்பார் பெருமையாக. சொல்லிவிட்டு, அது நடக்கும் நேரத்துக்கு எங்கிருந்தாலும் ஓடிவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். எதற்கு என்று கேட்டால், "தானா நடக்குதான்னு யாராவது பாக்கணும்ல?" உட்காருவதிலும் ஒரு முறை உண்டு. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொள்வார். வெளியே இருந்தால் கை சும்மா இருக்காதாம், எதையாவது தட்டிக் கெடுத்துவிடுமாம். உற்சாகம் வந்தால் விருட்டென்று எழுவார். சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடிவிடும். பக்கத்து இருக்கைப் பெண் அதைக் காலால் தள்ளி இருந்த இடத்துக்குக் கொண்டுவருவாள். அந்தக் காலுக்கு இது பழகிவிட்டது, அவள் தலை நிமிர்வதில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம் என்கிறார் அவர் மனைவி. "எங்க அண்ணனை ஒரு நேரம் வரச் சொல்லுவாரு, நாத்தனாரை ஒரு நேரம் வரச் சொல்லுவாரு. எங்க வீட்டு விருந்துல ரெண்டு பேரு சேர்ந்து உக்காந்து சாப்பிட்டதே இல்ல. கல்யாண ஃபோட்டோவைப் பாருங்க, எல்லாரும் கேமராவைப் பாத்து முடிச்சப்புறம்தான் இவரு நிமிர்ந்திருக்காரு!" அவர் மறுப்பதில்லை. "கூட்டம் கலையட்டும்னு இருந்தேன்" என்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் இந்த ஆண்டுத் தேர்வு முடிவைச் சரியாகக் காலை பத்து மணிக்கு வெளியிடும்படி சொன்னார்கள். அவர் இயக்குநரின் அறைக்குப் போய் நின்றார்.

"மேடம், பத்து ஏழுக்கு வச்சுக்கலாமா?"

"ஊருக்கே பத்து மணின்னு சொல்லியாச்சு. பத்து ஏழுன்னா யாரு மதிப்பாங்க?"

"மதிக்க மாட்டாங்க மேடம். ஆனா ரிசல்ட் வரும்."

போன ஆண்டு அது வரவில்லை. குறுஞ்செய்தி, இணையப் பக்கம், பள்ளிகளுக்கான பட்டியல் என்று அத்தனையையும் மேலிடத்து உத்தரவுப்படி பத்து மணிக்கே வைத்தார்கள். சர்வர் படுத்துவிட்டது, மாலையில்தான் எழுந்தது. அன்று முழுக்கத் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அவருடைய மகள். கடைசியில் கணக்கில் தோல்வி என்று தெரிந்தது. "ஃபெயிலானதுகூடப் பரவால்லப்பா. சாயங்காலம் வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றாளாம். அதற்குப் பிறகு அவர் சுற்றும் வட்டத்தை எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இந்த ஆண்டு அவள் மறுபடி கணக்கு எழுதியிருந்தாள். முடிவு நாளன்று காலையில் தோசைக்கல் பக்கத்திலேயே நின்று சத்தியம் வாங்கினாள்.

"அப்பா, நீங்க முன்னாடியே பாக்கக் கூடாது."

"எனக்கு ஏதும்மா அவ்வளவு அதிகாரம்?"

"பொய். எல்லாச் சாவியும் உங்ககிட்டதான் இருக்கு. எனக்குத் தெரியும்போதுதான் உங்களுக்கும் தெரியணும். பத்து மணிக்கு வந்துடும்ல?"

"வந்துடும்" என்று சொல்லிவிட்டார். முழு மணிக்கு அவர் கொடுத்த முதல் வாக்கு.

பத்து மணிக்கு இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாதபடி மற்ற எல்லாவற்றையும் முந்தைய நாளே ஒதுக்கிவைத்திருந்தார். தினமும் காலையில் ஓடும் பெரிய காப்புப் பிரதியை, தகவல் முழுவதையும் நகலெடுத்துச் சர்வரையே மூச்சுமுட்ட வைக்கும் வேலை அது, மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார். அன்று வியாழக்கிழமை. மாதத்தின் முதல் வாரம்.

பத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது பக்கத்து இருக்கைப் பெண் தலை நிமிர்ந்தாள்.

"சார், காப்புப் பிரதி ஓடுது!"

"எப்படிம்மா ஓடும்? இன்னிக்கு வியாழக்கிழமை!"

"ஓடுது சார். மார்க் அட்டவணையைப் பூட்டி வச்சிருக்கு."

அவர் முந்தைய நாள் எழுதிய வரியைத் திரையில் வரவழைத்தார். தேதி ஒன்றிலிருந்து ஏழு வரை. கிழமை திங்கள். பார்த்தார். நாற்காலி பின்னால் பறந்தது.

"நான்தாம்மா! நானேதான்!" என்று நெற்றியில் அறைந்துகொண்டு சிரித்தார். வெட்கப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவது அவர் சுபாவம். சத்தம் கேட்டு வந்த இயக்குநருக்குத் தட்டச்சு செய்துகொண்டே விளக்கினார். "தேதியும் போட்டுக் கிழமையும் போட்டா, ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் ஓடும்னு மனுஷன் நெனப்பான் மேடம். இது அப்படி எடுத்துக்காது. ரெண்டுல எது வந்தாலும் ஓடும். அம்மாவும் பொண்டாட்டியும் சேர்ந்து கூப்பிட்டா மட்டும் வான்னு நாம சொல்றோம், இது யாரு கூப்பிட்டாலும் ஓடி வந்து நிக்குது. ஒண்ணாந் தேதியிலிருந்து ஏழு வரைக்கும் தெனமும்! திங்கக்கெழமை தனி!"

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"புதுசா வர்றவங்களுக்கு முதல் பாடமே இதுதான் மேடம். நான்தான் நடத்துறேன்."

பக்கத்து இருக்கைப் பெண் நாற்காலியைக் காலால் இழுத்துவிட்டாள். "ரெண்டு தடவை நடத்தினாரு மேடம், எனக்கு" என்றாள்.

பிரதியை நிறுத்தினார். வரியை அழித்தார். ஆனால் பூட்டு உடனே விடவில்லை. பாதியில் நின்ற வேலை தன் பிடியைத் தானே தளர்த்த வேண்டும். அதற்குள் பத்து அடித்தால், முடிவை வெளியிடும் வேலை வரும், மூடிய கதவைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். மறுபடி வராது. ஊர் முழுக்கத் திரைகளில் வட்டம் சுற்றத் தொடங்கும்.

"கையால ஓட்டிடலாமே?" என்றார் இயக்குநர்.

"ஓட்டலாம். ஒழுங்கா வருதான்னு ஏதாவது ஒரு தேர்வு நம்பரைப் போட்டுப் பாக்கணும். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணுதான் மேடம்."

ஏசியின் குளிர்காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. திரையில் 'பூட்டப்பட்டது' என்ற சொல் அசையாமல் நின்றது. திடீரென்று அது இல்லை.

"விட்டுடுச்சு!" என்று கத்தியது இயக்குநர். அவர் கத்துவார் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

ஒற்றைப்படையார் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். பத்து அடித்தது. ஒரு வரி வந்தது, பத்து வரி வந்தது, அப்புறம் படிக்க முடியாத வேகத்தில் கொட்டியது. பக்கம் திறந்தது. சர்வர் முனகக்கூட இல்லை. அறையே எழுந்து கைதட்டியது. யாரோ அவர் முதுகில் ஓங்கி அடித்தார்கள். "இப்போ பாத்துக்கலாமே சார், எல்லாருக்கும்தான் வந்தாச்சே!" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். அவர் தலையை ஆட்டி மறுத்தார். விசைப்பலகை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைகள் வெளியே வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் இருக்கைக்குத் திரும்பினார்கள். இயக்குநர் பத்திரிகைக்காரர்களைப் பார்க்க இறங்கிப் போனார். மேஜையில் கிடந்த கைபேசி மகளின் அழைப்பில் அதிர ஆரம்பித்தது. அப்போதும் அவர் கையை எடுக்காததால், பக்கத்து இருக்கைப் பெண்தான் அதை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"ம்" என்றார். "ம்." நாற்காலி பின்னால் ஓடியது.

அறை முழுக்க அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரத்தில், அவர் ஒருவர் மட்டும் நடுவில் நின்றுகொண்டு படபடவென்று கைதட்டினார்.